ஐந்தாவது கோடை

மெர்ல் ஹௌகன் நான்கு கோடையாகத் தன் மதகைத் திறக்கவில்லை. கோல்டர் ஓடைப் பக்கம் இதைக் கேள்விப்பட்டவர்கள், மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். அறுபத்தெட்டு வயது. முந்நூறு மாடு. மூன்று தலைமுறையாக ஒரே பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட குடும்பம். அந்தக் கட்சியின் சார்பிலேயே மாநில மேலவையில் மூன்றாம் முறையாக உட்கார்ந்திருக்கிற ஆள். அப்படிப்பட்டவர் மீனுக்காகத் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

அங்கே தண்ணீர்ச் சட்டம் அப்படி. ஓடையிலிருந்து இவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்ற உரிமை, அந்தக் காலத்தில் யார் முதலில் வாய்க்கால் வெட்டினாரோ அவர் பண்ணைக்குச் சொந்தம். ஆனால் ஐந்து வருடம் தொடர்ந்து எடுக்காமல் விட்டால் உரிமை போய்விடும். வரிசையில் அடுத்து நிற்பவன் எடுத்துக்கொள்வான். அதனால் களஞ்சியம் முட்டப் புல் கிடந்தாலும், ஆகஸ்ட் பிறந்ததும் அத்தனை பேரும் மதகைத் திறந்து, தேவையே இல்லாத புல்வெளியில் தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். கொசு வளர்ந்ததுதான் மிச்சம். கீழே ஓடை வற்றி, டிரவுட் மீன்கள் குட்டைகளில் வாயைப் பிளந்துகொண்டு சாகும். வேண்டுமென்றே உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடக் கிறுக்குத்தனமான ஒரு சட்டத்தை எழுத முடியாது.

மெர்லும் நாற்பது வருடம் அப்படித்தான் பாய்ச்சினார். ஒரு ஆகஸ்டில் வேலிக்கம்பி இழுத்துக் கட்டப் போனவர், தன் மதகுக்குக் கீழே இருந்த வளைவில் இருநூறு முந்நூறு மீன்கள் வெயிலில் கிடப்பதைப் பார்த்தார். அந்த நாற்றம் மூன்று நாள் சட்டையை விட்டுப் போகவில்லை. அவருக்கு வந்தது துக்கம் இல்லை, வெட்கம். யாரோ செய்த பாவம் என்று கையைக் கழுவ வழியில்லை. அந்தத் தண்ணீர் அவர் வயலில்தான் சும்மா நின்றுகொண்டிருந்தது. போய் மதகை இறக்கி மூடினார். அடுத்த கோடையிலிருந்து அதைத் தொடவே இல்லை.

அப்புறம்தான் நடீன் லாஷான்ஸ் வந்தாள். எதிர்க்கட்சிக்காரி. பல்கலைக்கழக ஊரிலிருந்து மேலவைக்கு வந்தவள், மீன்களைப் பற்றிப் பாடம் நடத்துபவள். நாற்பது பக்கத்துக்கு ஒரு மசோதா எழுதிக்கொண்டு அவர் சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தாள். மெர்ல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கம் படித்தார், அதிகாரி, ஆய்வு, அபராதம் என்று வந்ததும் மூடி வைத்துவிட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் தானே எழுதிக் கொடுத்தார்: உரிமைக்காரர் தானாக விரும்பி ஓடையிலேயே விட்ட தண்ணீரும், அவர் பயன்படுத்திய தண்ணீராகவே கொள்ளப்படும். அவ்வளவுதான். வரி இல்லை, கட்டாயம் இல்லை, வேலிக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம். நடீன் அதை நான்கு தடவை படித்தாள். “மாட்டுக்காரரே, இதுல பல்லே இல்லையே” என்றாள். “பல்லு மாட்டுக்கு இருந்தா போதும் டீச்சரம்மா” என்றார் அவர். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த ஒரு வரிக்காக மூன்று குளிர்காலம் அதே மேஜையில் கூட்டம் நடந்தது. ஓடைக்கரைப் பண்ணைக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். நடீன் கொண்டுவந்த படங்களை யாரும் சட்டை செய்யவில்லை. மெர்ல் மதகை மூடியிருந்ததைத்தான் பார்த்தார்கள். கடைசியில் டேல் ஆஸ்ட்பி என்பவன் எல்லோருக்குமாகக் கேட்டான், நாங்களும் மூடிவிட்டு உட்கார்ந்திருந்து, சட்டம் வராமல் ஐந்து வருடம் ஓடிவிட்டால் என்ன ஆவது என்று. ஓடையின் தலைப்பில் ஒரு வெளியூர்க் கம்பெனி பெரிய பண்ணையை வாங்கிப் போட்டு, வீடு கட்டி விற்கத் தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்தது. யார் உரிமை எப்போது காலாவதியாகும் என்று விரல்விட்டு எண்ணுவதற்கே ஒரு வக்கீலை வைத்திருந்தது. மெர்ல் டேலிடம் சொன்னார்: “அஞ்சாவது கோடைக்குள்ள சட்டம் வந்துடும். நான் சொல்றேன்.” காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக மதகை மூடினார்கள்.

அந்த மாநிலத்தில் சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடும். முதல் தடவை மசோதா குழுவோடு செத்தது. இது இரண்டாவது தடவை. இதிலும் போனால் அடுத்த கூட்டத்துக்குள் மெர்லின் ஐந்து வருடம் முடிந்துவிடும். மற்றவர்களில் பாதிப் பேருக்கும் முடிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஜனவரியில் அவர் பாய்ட் ஸ்ட்ரேயருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். பாய்டும் அதே கட்சி, பக்கத்துத் தொகுதி. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆனால் இந்த மசோதாவில் மட்டும் பாய்ட் நேர் எதிரி. இன்றைக்கு ஒரு வரி, நாளைக்கு மீன் துறைக்காரன் என் கதவைத் தட்டுவான் என்பது அவர் வாதம். அது பொய்ப்பயம் என்று மெர்லால் சத்தியம் செய்ய முடியாது. பாய்டுக்கு இதய வால்வு கெட்டிருந்தது. இருநூறு மைல் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் அறுவைக்கு வரிசையில் பெயர் கொடுத்திருந்தார். எந்த நாளும் கூப்பிடலாம்.

மேலவையில் ஒரு வழக்கம் உண்டு, ஜோடி நிற்பது என்பார்கள். வர முடியாத ஒருவர், தனக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிற ஒருவரிடம் கேட்டுக்கொள்வார். இவர் வராத நேரத்தில் அவரும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறையும், கணக்கு மாறாது. விதிப்புத்தகத்தில் அது இல்லை. மீறினால் தண்டனையும் இல்லை. யாரும் மீறியதும் இல்லை.

“என்னைக் கூப்பிட்டுட்டாங்கன்னா உன் மீன் மசோதாவுக்கு நீ எனக்கு ஜோடி நிக்கணும்டா” என்று பாய்ட் கேட்டார். “நிக்கிறேன் போடா, உன் நெஞ்சைப் பாரு” என்றார் மெர்ல். அப்போது ஐம்பதில் இருபத்தெட்டுப் பேர் மசோதாவுக்கு ஆதரவு. ஒரு ஓட்டைத் தானம் பண்ணுவது பெரிய விஷயமாகப் படவில்லை.

நான்கு மாதத்தில் இருபத்தெட்டு இருபத்தாறானது. மெர்லின் கட்சியில் இருவரை, இது அரசாங்கம் தண்ணீரைப் பிடுங்கும் சூழ்ச்சி என்று யாரோ மிரட்டிக் கலைத்தார்கள். மசோதாவைக் கடைசி நாளுக்குத் தள்ளினார்கள். முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து பாய்டுக்கு அழைப்பு வந்தது, மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை. பாய்ட் மெர்லின் மேஜைக்கு வந்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார். அப்போதும் மெர்லுக்குக் கவலை இல்லை. இருபத்தாறுக்கு இருபத்து நான்கு. இவர்கள் இருவரும் கழிந்தால் இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. ஜெயம்தான்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு, பனி பெய்துகொண்டிருந்தது, மெர்ல் சட்டசபைக் கேன்டீனில் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடீன் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

அவள் கட்சிக்காரன் காஸ்ட்னர் பல்டி அடித்துவிட்டான். தலைநகர் பக்கத்துத் தொகுதிக்காரன், ஓடை என்றால் படத்தில் பார்த்தவன். வெளி மாநிலத்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அவனுக்குக் கடிதம் எழுதியிருந்தது. இஷ்டப்பட்டவன் விடலாம் என்பது பாதுகாப்பே அல்ல, கட்டாயப்படுத்தும் நல்ல சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று. காத்திருக்க வேண்டுமாம்! மீன் காத்திருக்குமா என்று அந்தக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை. நடீன் அவனிடம் இரண்டு மணி நேரம் மன்றாடியிருக்கிறாள். மனசாட்சி என்று சொல்லிவிட்டு அவன் சவரம் செய்யப் போய்விட்டான்.

இனிக் கணக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. சமமானால் மசோதா தோற்கும். ஆனால் பாய்ட் வரப்போவதில்லை. மெர்ல் ஓட்டுப் போட்டால் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு, சட்டம் வந்துவிடும். ஜோடி நின்றால் இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு, ஓடை போய்விடும். இதை நடீன் சொல்லவில்லை. இருவரும் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே அதே கணக்கைப் போட்டு முடித்தார்கள்.

“எங்க ஆளுதான் கெடுத்தான். உங்ககிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல” என்றாள் அவள். “இருந்தாலும் கேக்கறேன். பட்டனை அழுத்துங்க மெர்ல்.”

இத்தனை வருடத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவள் விடவில்லை. அந்த வழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஒரு வாரம் திட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள், ஓடை மறக்காது என்றாள். மெர்ல் சொன்னார், பத்துப் பேர் மதகை மூடினது சட்டத்தை நம்பி இல்லை, என் வாயை நம்பி. அந்த வாயால்தான் பாய்டுக்கும் சொன்னேன்.

“அந்தப் பத்துப் பேருக்குக் குடுத்த வாக்கு?” என்று கேட்டாள் நடீன். “அது மட்டும் என்ன காத்துல போறதா?”

எது செய்தாலும் ஒரு வாக்குப் போகத்தான் போகிறது. பாய்டைப் போனில் கூப்பிட்டு, ஜோடியிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாமே என்றாள் அவள். அதற்கு வழி உண்டு, வாக்குக் கொடுத்தவன் கேட்கலாம், வாங்கினவன் விடலாம். மணி ஏழு இருபது. எட்டு மணிக்குத்தான் மயக்க மருந்து.

மெர்ல் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். பாய்டின் எண்ணைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நின்றார். மார்பை மழித்துப் படுக்கப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் அவர் மனைவி ஆர்லெட் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிழைப்போமா மாட்டோமா என்று கிடக்கிறவனிடம் போய், எனக்கு ஓட்டு வேணும், என்னை விட்டுவிடு என்று கேட்பதா? அந்தப் பக்கத்து மனிதர்கள் பக்கத்து வீட்டுக்காரனிடம் டிராக்டர் இரவல் கேட்பதற்கே அரை மணி நேரம் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். கேட்காமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கௌரவம். பாழாய்ப்போன கௌரவம்! ஏழு ஐம்பதுக்குப் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கிடைக்கவில்லையா என்று நடீன் கேட்டாள். கூப்பிடவில்லை என்றார். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

பத்தரைக்கு ஓட்டு. பலகையில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. மெர்ல் எழுந்து நின்றார். நான் உறுப்பினர் ஸ்ட்ரேயருக்கு ஜோடி நிற்கிறேன், அவர் இங்கே இருந்தால் எதிர்த்திருப்பார், நான் ஆதரித்திருப்பேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கையை மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டார். இருபத்து நான்கு, இருபத்து நான்கு. தலைவர் சுத்தியலைத் தட்டினார். அவர் கட்சியில் இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள், இப்படி ஒரு மனிதர் இருப்பது சபைக்கே பெருமை என்றார்கள். இருவரும் மசோதாவை எதிர்த்தவர்கள். மெர்லுக்கு அவர்கள் கையை உதறவேண்டும்போல இருந்தது, உதறவில்லை.

நடீன் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் மேஜையைக் கடந்து போனாள். மாட்டுக்காரரே என்றும் சொல்லவில்லை, மெர்ல் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

பாய்ட் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து மெர்ல் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆர்லெட் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாய்ட் மெலிந்து, பாதி ஆளாகத் தலையணையில் சாய்ந்திருந்தார். மாட்டு விலை, கன்று ஈன்றது, பனி என்று வழக்கமான அரை மணி நேரம் பேசினார்கள். ஆர்லெட் பலகாரத்தை வெட்டக் கத்தி தேடி வெளியே போனாள்.

“நீ ஏண்டா கூப்பிடல?” என்றார் பாய்ட்.

மெர்லுக்குப் புரியவில்லை.

“அன்னிக்குக் காலைல ஆறரைக்கே நம்ம கட்சிக் கொறடா போன் பண்ணான். காஸ்ட்னர் மாறிட்டான், மீன் மசோதா காலின்னு ஒரே குஷி. சரி, மெர்ல் கூப்பிடுவான்னு நெனச்சேன். போனை நெஞ்சு மேலயே வச்சிருந்தேன். நர்ஸ் வந்து குடுங்கன்னா. இரும்மா, ஒரு கால் வரணும்னேன். எட்டடிச்சதும் புடுங்கிட்டுப் போயிட்டா.”

“கூப்பிட்டிருந்தா?”

“விட்டிருப்பேன்டா.” பாய்ட் கொஞ்சம் மூச்சு வாங்கினார். “உன் மசோதா எனக்குப் பிடிக்காதுதான். அதுக்காகப் படுத்த படுக்கைல கெடந்துக்கிட்டு உன்னை ஜெயிக்கணுமா நான்?”

நீயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று மெர்ல் கேட்டார். கேட்ட உடனேயே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பாய்டும் அதைத்தான் சொன்னார். மசோதா உன்னுடையது, கேட்க வேண்டியவன் நீ. எதிர்க்கிறவன் நான் எப்படி வலிய வந்து கொடுப்பேன், உன் வாக்கை நான் மதிக்கவில்லை என்றல்லவா ஆகும் என்றார். ஆர்லெட் கத்தியோடு வந்துவிட்டாள். இருவரும் ஆளுக்கு ஒரு துண்டு தின்றார்கள். மெர்ல் காப்பியை ஊற்றித் தன் துண்டை இறக்கினார். இருநூறு மைல் திரும்பி ஓட்டி வரும்போது வழியெல்லாம் அந்தப் போன்தான் கண்ணில் நின்றது, நெஞ்சு மேல் ஏறி இறங்கிக்கொண்டு.

பத்துப் பண்ணைக்காரர்களையும் அவர் ஜூலையில் கூப்பிட்டார். அதே மேஜை. நடந்ததைச் சொன்னார், ஆஸ்பத்திரியில் கேட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. யாரும் திட்டவில்லை. அவர் இடத்தில் இருந்தால் தாங்களும் கூப்பிட்டிருக்க மாட்டோம் என்பது அவர்கள் முகத்திலேயே இருந்தது. கம்பெனியின் வக்கீலிடமிருந்து நான்கு பேருக்கு, மதகை எப்போது மூடினீர்கள் என்று கேட்டு ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவரலாமா என்று யாரோ கேட்டார்கள். நடீன் இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று பத்திரிகையில் வந்திருந்தது. மெர்லின் கட்சியில் அவருக்கு எதிராக ஒரு புதுப் பையன் கிளம்பியிருந்தான், மீன்கார ஹௌகன் என்று தட்டி வைத்துக்கொண்டு. டேல் ஆஸ்ட்பி தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

“நீங்கதான் முதல்ல மூடினீங்க. நீங்களே முதல்ல திறங்க. உங்களுக்கு முன்னால திறக்க எங்களுக்குக் கை வரல.”

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை, தண்ணீர்க் கண்காணிப்பாளர் பதிவேட்டோடு வந்து நின்றார். நல்ல மனிதர், கண்ணைப் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மதகுச் சக்கரம் நான்கு வருடத் துருவில் இறுகிப்போயிருந்தது. மெர்ல் எண்ணெய் விட்டு, குழாய்க் குறடு போட்டு, உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினார். மூன்றாவது முறையில் கிரீச்சென்று இளகியது. தண்ணீர் பலகைக்கு அடியில் வாய்க்காலுக்குள் புகுந்தது. கண்காணிப்பாளர் தேதியும் அளவும் எழுதிக்கொண்டு, பத்து நாள் பாய்ச்சினால் உங்கள் உரிமைக்கு ஒன்றும் ஆகாது ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார்.

புல்வெளியில் ஏற்கெனவே இரண்டு அறுப்பு முடிந்திருந்தது. களஞ்சியத்தில் இடம் இல்லை. தண்ணீர் சும்மா பரவிக்கொண்டு போயிற்று. மத்தியானத்துக்குள் மேலும் கீழுமாக மற்ற பத்து மதகுகளும் திறந்துவிட்டன. வளைவில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. இந்த நான்கு வருடத்தில் அந்த வளைவில் மீன் கூடியிருந்தது, இளசுகள் நிறைய, விரல் நீளத்தில். மெர்ல் அதைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

வெயில் சாய்ந்தபோது வயலில் ஏதோ துள்ளுவது தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். தண்ணீரோடு வாய்க்காலில் வந்து, புல்லுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு டிரவுட், முழங்கை நீளம். தொப்பியைக் கழற்றி அதில் தண்ணீரோடு மீனை அள்ளினார். ஓடைக்கு ஓடினார். அந்த வயதில் ஓடினார். மதகுக்குக் கீழே விடத் தண்ணீர் இல்லை. மேலே கொண்டுபோய், இன்னும் ஆழம் இருந்த இடத்தில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, அது மூச்சு வாங்கித் தெளிகிறவரை காத்திருந்து விட்டார். மீன் ஒரு வட்டம் போட்டது. பிறகு தண்ணீர் இழுக்கிற பக்கமே திரும்பி, திறந்திருந்த மதகின் அடியில் நுழைந்து, மறுபடி அவர் வயலை நோக்கிப் போயிற்று.

மதகை மூட அவர் கை சக்கரத்துக்குப் போனது. பத்து நாள் பாய்ச்சினால்தான் கணக்கில் சேரும் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். இன்றைக்கு முதல் நாள். மெர்ல் கையை எடுத்துக்கொண்டு, ஈரத் தொப்பியை மாட்டிக்கொண்டு, மீனைத் தேடி வயலுக்குள் இறங்கினார்.